பாறையைப் பார்த்துப் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள்: மோர்வான், ஓ-ஜூரா, வெர்கோர் ஓர் ஒப்பீடு

பிரான்சின் இடைநிலை மலைப் பூங்காக்களில் கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் ஓட்ட விரும்புபவர்கள், எந்தப் பூங்காவுக்குச் செல்வது என்று முடிவெடுக்கும்போது பெரும்பாலும் உயரத்தையும் ஏற்றத்தின் மொத்த மீட்டரையும் கணக்கிடுகிறார்கள். அவை முக்கியமானவைதாம், ஆனால் அதிர்வுதாங்கி இல்லாத, வளைந்த கைப்பிடியும் 40 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயரும் கொண்ட ஒரு வண்டியில் பாதையின் ஒவ்வொரு கல்லும் நேரடியாக உள்ளங்கைக்கு வந்துசேர்கிறது. ஆகவே மலை எவ்வளவு உயரம் என்பதைவிட, அது எந்தப் பாறையால் ஆனது என்பதே அந்த நாள் எப்படி இருக்கும் என்பதை அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. பர்கண்டியின் மோர்வான், சுவிஸ் எல்லையோரத்து ஓ-ஜூரா, கிரனோபிள் நகருக்குத் தென்மேற்கே எழும் வெர்கோர் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மூன்றும் பிரான்சின் வட்டார இயற்கைப் பூங்காக்கள். 1967இல் உருவாக்கப்பட்ட இந்த வகை, தேசியப் பூங்காக்களைப் போன்ற கடுமையான காப்பிடம் அன்று. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, மாடு மேய்கிறது, மரம் வெட்டப்படுகிறது. சைக்கிளுக்குப் பொதுவான தடை எதுவும் கிடையாது. தடைகள் வருவது உள்ளே தனியாக அறிவிக்கப்பட்ட காப்பகங்களிலும், குறிப்பிட்ட பறவை அல்லது விலங்கின் வாழிடத்துக்காகப் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளிலுமிருந்துதான். பொதுச் சாலைகளுக்கு வெளியே மோட்டார் வாகனங்கள் செல்வதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 250 வாட் மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடும் உதவியும் கொண்ட மின்சைக்கிள் அந்தக் கணக்கில் மோட்டார் வாகனமாகச் சேராது; சைக்கிளாகவே கருதப்படும்.

மோர்வானில் இருந்து தொடங்குவோம். 1970இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியின் மிக உயர்ந்த இடமான ஓ-ஃபோலான் 901 மீட்டர்தான் என்பதால் பலர் இதை மலை என்றே எண்ணுவதில்லை. நாள் முடிவில் கால்கள் வேறு கதை சொல்லும். இங்கு நீளமான ஒரே ஏற்றம் என்பது குறைவு. குட்டையான ஏற்றமும் இறக்கமும் இடைவிடாமல் மாறிமாறி வருவதால் ஓட்டம் ஒரு சீரில் நிலைகொள்வதே இல்லை. பாறை பெரும்பாலும் கருங்கல். அது சிதைந்து உண்டாகும் கரடுமுரடான மணல் மழைநீரை விரைவில் வடித்துவிடுவதால், மேட்டுப்பகுதிப் பாதைகள் மழை நின்ற சிறிது நேரத்திலேயே ஓட்டத்தக்க நிலைக்கு வந்துவிடுகின்றன. பள்ளங்களில் நிலைமை நேர்மாறானது. கருங்கல் நீரை உள்ளே விடாததால் தண்ணீர் நிலத்தின் மேலேயே தங்குகிறது. ஊற்றும் ஓடையும் சதுப்பும் எங்கும் உண்டு. பாரிசுக்கு விறகுக் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்புவதற்காக 1858இல் கட்டிமுடிக்கப்பட்ட செத்தோன் ஏரி அந்த நீர்வளத்தின் பழைய சாட்சி. குடிதண்ணீருக்காகக் கவலைப்பட வேண்டாத ஒரே பூங்கா மூன்றில் இதுதான்.

மோர்வானின் குறை அதன் காடு. டக்ளஸ் ஊசியிலை மரங்கள் பெரும் பரப்பில் நடப்பட்டு, ஒட்டுமொத்தமாக வெட்டப்படுகின்றன. அது உள்ளூரிலேயே நீண்டகால விவாதத்துக்குரிய விஷயம். அந்த மரத்தை இறக்க அமைத்த அகலமான பாதைகள் கிராவல் சைக்கிளுக்கு வரப்பிரசாதம். அதே பாதையில் வெட்டு நடக்கும் பருவத்தில் கனரக வண்டிகள் தோண்டிவிட்டுச் செல்லும் சேற்றுத்தடம் சக்கரத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிடும்.

ஓ-ஜூராவில் எல்லாமே மாறுகிறது. 1986இல் உருவான இப்பூங்கா சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அந்தக் கல் அடுக்குகள் மடிப்பு மடிப்பாக வளைந்து, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் முகடுகளையும் பள்ளத்தாக்குகளையும் உண்டாக்கியிருக்கின்றன. வழியைத் திட்டமிடுபவர் இந்த ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மடிப்பின் நீளவாக்கில் சென்றால் பல கிலோமீட்டருக்கு மிதமான சரிவில் உருண்டுகொண்டே போகலாம். குறுக்கே கடக்க முயன்றால் ஒவ்வொரு முகடும் ஒரு சுவர். வரைபடத்தில் ஒரே தொலைவாகத் தெரியும் இரண்டு வழிகளில் ஒன்று மற்றொன்றைவிட இருமடங்கு நேரம் பிடிப்பது இங்கு வியப்பன்று.

அந்தச் சுவர்களுக்காகவே கியரின் பல்சக்கர அமைப்பைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஈர்ப்பை வெல்ல மட்டுமே ஏறக்குறைய 140 வாட் திறன் தேவை. அது சாதாரண உடல்தகுதி உள்ளவருக்கு எட்டாத அளவன்று. ஆனால் முன்னே 40 பல்லும் பின்னே 42 பல்லும் உள்ள அமைப்பில் அந்த வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்குச் சுமார் 49 முறைதான் சுற்றும். முழங்கால் அதை வெகுநேரம் பொறுக்காது. தவிர, ஒவ்வொரு மிதியும் கனமாக விழுவதால் பின்சக்கரம் தளர்ந்த சரளையில் வழுக்கத் தொடங்கும். முன்பல்லை 30ஆகக் குறைத்தால் அதே வேகத்தில் 65 சுற்று கிடைக்கும். கடையில் வாங்கிய நிலையிலேயே வண்டியை மலைக்குக் கொண்டுவருபவர்கள் டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

பாதையின் தரத்தில் ஓ-ஜூராவே முதலிடம். உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கிய வெண்ணிறக் காட்டுச் சாலைகள் கெட்டியானவை, வேகமானவை; 40 மில்லிமீட்டர் டயர் போதும். ஆனால் புதிதாகக் கொட்டிய சரளையின் விளிம்பு கூர்மையானது. ஆகவே இங்கு டியூப்லெஸ் (உள்குழாய் இல்லாத) டயர் இல்லாமல் வருவது சூதாட்டம். மரங்கள் சிதறி நிற்கும் மேய்ச்சல் வெளிகளில் பாதை புல்லாக மாறும், வேலிக் கதவுகள் வரும். நாம் திறந்த கதவை மூடிவிட்டுச் செல்வதே அங்கு எழுதாச் சட்டம். குளிர்காலப் பனிச்சறுக்குத் தடங்களைக் கோடையில் கிராவல் பாதை என்று நம்பிச் செல்வது பொதுவான தவறு. அவற்றின் அகலம் கண்ணை ஏமாற்றும். பனி நிரப்ப வேண்டிய மேடுபள்ளங்கள் எல்லாம் கோடையில் புல்லுக்கடியில் காத்திருக்கும்.

இதன் விலை, பருவம். பூங்காவுக்குள் இருக்கும் மூத் என்ற ஊரில் 1968 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 36.7 டிகிரி பதிவாகியது. உயரத்தில் பனி வசந்தம் வரை தங்கும். பனி கரைந்த பிறகும் உடனே கதவு திறப்பதில்லை. மசாக்ர் காடு போன்ற உயர்நிலக் காடுகளில் கேப்பர்கேலி என்னும் பெருங்காட்டுக்கோழியின் அமைதிக்காக, டிசம்பர் நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை குறியிட்ட பாதைகளை விட்டு விலகக் கூடாது. இந்தப் பறவை குளிரில் ஊசியிலையை மட்டுமே உண்டு பிழைக்கிறது. விரட்டப்பட்டுப் பறந்தால் செலவாகும் சக்தியை எளிதில் ஈட்ட முடியாது, வசந்தத்தில் இணைசேரலும் அடைகாத்தலும் கெடும். சைக்கிளோட்டி சில மாதங்கள் பொறுப்பதற்கு இது நியாயமான காரணமே.

வெர்கோரும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் ஜூராவின் மடிப்புகளுக்குப் பதிலாக இங்கு செங்குத்துப் பாறைச்சுவர்களால் சூழப்பட்ட உயர்மேடைகள். மேலே ஏறுவதே முதல் சோதனை: கிரனோபிள் சுமார் 210 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேடை மேலுள்ள விலார்-த-லான்ஸ் ஊர் 1,050 மீட்டரில். லாந்த் காட்டின் மரத்தை இறக்குவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறைமுகத்தைக் குடைந்து போட்ட கோம்ப் லவால் சாலை, மேற்குப் பக்கத்திலிருந்து ஏறுவதைக் கண்கொள்ளாக் காட்சியாக்கும் வழி. காட்சிக்கு மட்டும் மதிப்பெண் என்றால் போட்டியே இல்லை. ஓட்டத்துக்கு என்றால், பூங்காவை இரண்டாகப் பிரித்தே பேச வேண்டும். வடக்கிலும் மேற்கிலும் உள்ள பள்ளத்தாக்குகளும் காட்டுச் சாலைகளும் கிராவலுக்குச் சிறந்தவை. தென்கிழக்கில் சுமார் 17,000 ஹெக்டேர் பரப்பில், 1985இல் அறிவிக்கப்பட்ட உயர்மேடைக் காப்பகம் இருக்கிறது. அதற்குள் சாலையோ நிரந்தரக் குடியிருப்போ கிடையாது. சைக்கிளுக்கு அனுமதிக்கப்பட்ட வழிகள் சிலவே. அவற்றிலும் வெறும் பாறை தலைநீட்டும் இடங்களில் 45 மில்லிமீட்டர் டயர்கூட மெலிதாகவே படும். அந்தப் பகுதிதான் ஒருவரின் இலக்கு என்றால் அவர் கிராவலை வீட்டில் விட்டுவிட்டு, முன்பக்க அதிர்வுதாங்கி உள்ள மலைச்சைக்கிளுடன் வருவதே சரி.

தண்ணீரும் இங்கே கிடைத்தற்கரியது. விழும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கி மறைகிறது. 1956இல் உலகில் முதன்முறையாக ஆயிரம் மீட்டர் ஆழத்தைத் தாண்டி மனிதர் இறங்கிய பெர்ஜே குகை இந்தப் பூங்காவின் அடியில்தான் இருக்கிறது. மேடையின் மேல் தாகத்தோடு நிற்பவருக்குக் கீழே பாயும் நிலத்தடி ஆறு பயன்படாது. கோடையில் ஆட்டுமந்தைகளைக் காக்கும் வெள்ளை நாய்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓநாய் திரும்பிவந்த மலைகளில் அவை வேலையாகவே குரைக்கின்றன. வண்டியை விட்டிறங்கி, சைக்கிளை நடுவே வைத்து மெதுவாக மந்தையைச் சுற்றிச் செல்வதே வழி. வேகமாகக் கடக்க நினைப்பவர் துரத்தலை வரவழைக்கிறார்.

முதல் முறை வருபவருக்கும், ஏப்ரலிலோ அக்டோபரிலோ மட்டுமே விடுப்பு கிடைப்பவருக்கும் நான் மோர்வானையே சொல்வேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை நாள்கள் கையில் இருந்தால் தயங்காமல் ஓ-ஜூரா. வெர்கோரை மூன்றாவதாக வைப்பது அதன் அழகுக்குச் செய்யும் அநீதி என்று அங்கு ஓட்டியவர்கள் கோபிக்கலாம். ஆனால் அங்கு சைக்கிள் பல இடங்களில் காட்சிக்கு இடையூறாகத்தான் இருக்கிறது. ஓ-ஜூராவுக்குப் போகிறவர்கள் காரைத் தவிர்க்கவும் முடியும்: தோல் நகரிலிருந்து மோரே வழியாக சான்-க்ளோத் செல்லும் ரயில்பாதை பூங்காவின் நடுவுக்கே கொண்டுவிடுகிறது. மோரேயில் இறங்கினால் முதல் முகடு நிலைய வாசலிலேயே தொடங்கிவிடும்.