கார் ஸ்கிரீனின் ஹார்ட் டிஸ்க் போனால் எதைப் போடலாம்?

என்னுடைய 2011 மாடல் ஜெர்மன் செடானில் போன சித்திரையில் மேப் திறக்கவே இரண்டு நிமிடம் ஆனது. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம். உள்ளே இருந்த 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

முதலில் சென்னையின் பழைய கார் பாகச் சந்தையான புதுப்பேட்டை ஞாபகம் வந்தது. பழைய வண்டிகளில் கழற்றிய ஸ்கிரீன் யூனிட் அங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் இருப்பதும் அதே வயதுள்ள டிஸ்க். போதாததற்கு, பல மாடல்களில் யூனிட்டை நம் வண்டிக்குக் கோடிங் செய்தால்தான், அதாவது சாஃப்ட்வேர் மூலம் வண்டியோடு பொருத்தினால்தான், வேலை செய்யும். வேண்டாமென்று விட்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடலாமா? அளவு அதே இரண்டரை இன்ச்தான். சிக்கல் வெயிலில் இருக்கிறது. தோஷிபா போன்றவர்கள் காருக்கென்றே செய்த டிஸ்க் மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரை ஓடும். லேப்டாப் டிஸ்க்குக்கு 60 டிகிரியே உச்சம். 2003 மே மாதம் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. மதியம் ஓஎம்ஆரில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டிக்குள் காற்றே 60 டிகிரியைத் தொடும். ஸ்டார்ட் செய்ததும் டிஸ்க் அந்தச் சூட்டில்தான் சுழல வேண்டும்.

சிப்களிலேயே தரவைச் சேமிக்கும் சாதாரண எஸ்எஸ்டி இதைவிடத் தேவலாம். சுழலும் பாகம் இல்லாததால் வேகத்தடை, மழைக்காலப் பள்ளம் எதுவும் அதை அசைக்காது. ஆனால் அதன் எல்லையும் பெரும்பாலும் 70 டிகிரிதான். அதனால் நான் தேர்ந்தெடுத்தது 85 டிகிரி தாங்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்எஸ்டி. விலை கூடுதல்தான், ஆனாலும் சென்னைக்கு இதைத்தான் சொல்வேன். வாங்கும் முன் யூனிட்டைத் திறந்து, டிஸ்க் இணைப்பு பழைய ஐடிஈ பின் வகையா, புதிய சாட்டா வகையா என்று பார்த்துவிடுங்கள். ஐடிஈ என்றால் அடாப்டருக்கும் உள்ளே இடம் வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டச் சொல்லிப் பல நண்பர்கள் வற்புறுத்தினார்கள். சாதாரண வண்டிக்குச் சரி. என் வண்டியில் ஆம்ப்ளிஃபையர் ஆப்டிகல் ஃபைபரில் இணைந்திருக்கிறது, வண்டியின் செட்டிங்ஸும் அதே ஸ்கிரீனில்தான். அதைப் பிடுங்கிப் போட மனம் வரவில்லை.

எந்த டிஸ்க் வாங்கினாலும் பழையது மூச்சு விடும்போதே குளோன், அதாவது அதிலுள்ள எல்லாவற்றின் அச்சு அசல் நகல், எடுத்துவிட வேண்டும். வெற்று டிஸ்க்கை மாட்டினால் பெரும்பாலான யூனிட்டுகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. என் வண்டியின் காலத்து பிஎம்டபிள்யூ, ஆடி யூனிட்டுகள் பல க்யூஎன்எக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுபவை. அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸுக்குப் புரியாது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் மீட்பு புரோகிராமைப் போட்டால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, படிக்க முடியாத இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். சில கம்பெனிகள் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டு போட்டிருப்பார்கள், அதற்கு அந்த மாடல் தெரிந்தவர்தான் வேண்டும். என்னுடையதில் பூட்டு இல்லை. இரவு முழுக்க ஓடவிட்டேன், விடியும்போது முழு நகலும் கையில் இருந்தது.