ஹாம்பர்க் மேகத்துக்குக் கீழே செங்குத்து சோலார்: மூன்று வருட அனுபவம்

ஹாம்பர்க் புறநகரில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். கூரையில் 2019-லேயே எட்டு பேனல் போட்டாயிற்று, தெற்குப் பார்த்து, 35 டிகிரி சாய்வில். 2022-இல் தெற்குப் பால்கனியின் கைப்பிடிக் கம்பியில் இரண்டு பேனலைச் செங்குத்தாக மாட்டினோம். 2023 வசந்தத்தில் தோட்டத்துப் பக்கவாட்டு வேலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேலியாகவே, இரண்டு முகத்திலும் கரண்ட் எடுக்கும் ஆறு இருபக்கப் பேனல்களை நிறுத்தினோம். அந்த வருட ஜனவரியிலிருந்து ஜெர்மனியில் வீட்டு சோலாருக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை என்று ஆகியிருந்தது, அதுதான் தைரியம் கொடுத்தது. மூன்றுக்கும் தனித்தனி இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) என்பதால், ஒரே வானத்தின் கீழ் எது என்ன தருகிறது என்று போனில் தினமும் பார்க்க முடிகிறது. வேலி வந்து மூன்று வருடம் ஆகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. மேகமூட்டத்தில் செங்குத்துப் பேனல் சாய்வுப் பேனலைவிட அதிகம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வானம் முழுக்க மூடியிருக்கும்போது அதிக வெளிச்சம் உச்சியிலிருந்துதான் வருகிறது. அடிவானத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். செங்குத்தாக நிற்கும் பேனலின் ஒரு பக்கம் பாதி வானத்தை மட்டுமே பார்க்கிறது. அதனால் நசநசவென்று தூறும் நவம்பர் நாளில் என் பால்கனிப் பேனல் கூரையிடம் தோற்றுத்தான் போகிறது. இருபக்க வேலி அவ்வளவு பின்தங்குவதில்லை. இந்தப் பாதி வானத்தை ஒரு முகமும் அந்தப் பாதியை மறு முகமும் வாங்கிக்கொள்கின்றன, தரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் கொஞ்சம் சேர்கிறது.

அப்படியானால் லாபம் எங்கே? மேகம் விலகும் நேரத்தில். இங்கே டிசம்பரில் நண்பகல் சூரியனே 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், நம் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நிற்பதுபோல. அந்தத் தாழ்ந்த வெயில் பால்கனிப் பேனலின் முகத்தில் நேராக அடிக்கிறது. கூரையில் சாய்வாக வழுக்கிப் போகிறது. மேகம் இரண்டு மணி நேரம் வழிவிட்டாலும் போதும், ஒரு பேனலுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அன்று பால்கனிதான் முன்னே நிற்கும். சுவிட்சர்லாந்தில் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் முட்சே அணையின் சுவரிலேயே கிட்டத்தட்ட 5,000 பேனல்களைப் பதித்திருப்பதும் இந்தக் குளிர்கால வெயிலைப் பிடிக்கத்தான்.

ஒரு ஜனவரிக் காலை எனக்கு மறக்காது. இரவெல்லாம் பனி பெய்திருந்தது. கூரை வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தது, அதன் இன்வெர்ட்டரில் பூஜ்யம். வேலியில் ஒரு துளிப் பனி இல்லை. மேல் சட்டத்தில் மட்டும் விரல் தடிமனுக்கு உட்கார்ந்திருந்தது, தட்டியதும் விழுந்தது. தரை முழுக்க வெண்மை. வெயில் வந்தபோது அந்த வெளிச்சம் கீழிருந்து எகிறி, பேனலின் இரண்டு முகத்திலும் பட்டது. புல்தரை வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் திருப்பித் தரும், புதுப்பனி 80 சதவீதத்துக்கு மேல் தரும். கூரை விழித்துக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று.

கோடையில் கதை வேறு. உச்சி வெயில் செங்குத்துப் பேனலைத் தாண்டிப் போய்விடும். ஜூன் மாதத்தில் பால்கனி, கூரை தருவதில் பாதிதான் தரும். வேலி கிழக்கும் மேற்குமாகப் பார்ப்பதால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே வடகிழக்கில் எழுகிறது. கூரைக்கு அது முதுகுப் பக்கம். வேலி அப்போதே வேலையைத் தொடங்கி, மதியம் சற்றுத் தளர்ந்து, சாயங்காலம் மறுபடி ஏறி, இரவு எட்டு மணிக்கும் கரண்ட் தருகிறது. நாங்கள் வேலை முடிந்து வந்து சமைப்பது, துணி துவைப்பது, மாவு அரைப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். மதியம் மிஞ்சுவதைப் பொது மின்கட்டமைப்புக்கு விற்றால் யூனிட்டுக்குச் சுமார் 8 சென்ட். சாயங்காலம் வாங்கினால் 30 சென்ட்டுக்கு மேல். எனவே வருட மொத்தத்தைப் பார்த்து வேலியை எடைபோடாதீர்கள், கரண்ட் எந்த மணிக்கு வருகிறது என்று பாருங்கள். தென் ஜெர்மனியில் டோனாவ்எஷிங்கன் ஊர்ப் பக்கம் புல்வெளியில் இப்படி வரிசை வரிசையாக நிறுத்தி, நடுவில் வழக்கம்போலப் புல் அறுக்கிறார்கள்.

இனி குறை. காற்று! செங்குத்துப் பேனல் ஒரு பாய்மரம். முதல் குளிர்காலப் புயலில் நடுப் பேனலின் கிளாம்ப் தளர்ந்து, இரவெல்லாம் கடகடவென்று ஆடியது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று கயிறு கட்டினேன். பொருத்தியவர்கள் தூணுக்குப் போதுமான ஆழத்தில் கான்கிரீட் போடவில்லை. மூன்று தூண்களைப் பிடுங்கித் திரும்ப நட்டார்கள், பாதிச் செலவு எங்கள் தலையில். விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் தூணின் ஆழத்தைக் கேளுங்கள், உங்கள் பகுதியின் காற்று வேகத்துக்கு யார் கணக்குப் போட்டது என்றும் கேளுங்கள்.

புல்லும் ஒரு வேலை. வளர்ந்தால் கீழ் வரிசைச் செல்களில் நிழல் விழும். அதனால் அடியில் வெள்ளைக் கூழாங்கல் கொட்டினோம். புல்லும் அடங்கியது, வெளிச்சமும் கூடியது. பக்கத்து வீட்டம்மாவுக்குக் கண் கூசுமோ என்று பயம். வேலி போடும் முன்பே நான் ஒரு பேனலைக் கையில் பிடித்து நிற்க, அவர் தம் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு மாலை முழுக்கப் பார்த்தார். சம்மதம் கிடைத்தது. கழுவும் வேலை மட்டும் அறவே இல்லை. ஏப்ரலில் பிர்ச் மரத்து மகரந்தம் கூரைப் பேனலின் கீழ் ஓரத்தில் மஞ்சளாகப் படிந்துவிடும்; வேலியில் ஒரு மழை போதும்.

தென்காசியிலிருந்து என் மைத்துனர் போனில் கேட்டார்: "மச்சான், நானும் மதில்சுவர்ல மாட்டட்டுமா?" வேண்டாம் என்றேன். அங்கே உச்சிவெயில் தலைக்கு மேல், தெற்குச் சுவரில் மாட்டினால் வருடத்தில் பல மாதம் வெயில் அதைத் தொடவே தொடாது. மாடியில் லேசான சாய்வில் போடுவதுதான் சரி. தோட்டத்து வரப்பில் கிழக்கு மேற்காக இருபக்கப் பேனல் நிறுத்த இடம் இருந்தால் மட்டும் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.