ஒன்றரை மீட்டர் தொட்டியில் 60 மீட்டர் ரீடிங்: அல்ட்ராசோனிக் சென்சார் அனுபவம்

மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்க்க, ஏ02ஒய்ஒய்யூடபிள்யூ என்ற வாட்டர்ப்ரூஃப் அல்ட்ராசோனிக் சென்சாரை (ஒலி அலை அனுப்பி, தண்ணீர் வரை உள்ள தூரத்தை அளப்பது) ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டோடு சேர்த்துச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வெயில், மழை, மூடிக்கு அடியில் எந்நேரமும் இருக்கும் ஈரம் எல்லாவற்றையும் தாங்கி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதே சென்சாரை வாங்கி, ரீடிங் தாறுமாறாக வருகிறது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் சென்சார் மேல் தப்பே இருக்காது.

அறிகுறி இப்படி இருக்கும். 1000 மி.மீ., 1000, 1001 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்; திடீரென்று 59626 என்று வரும். ஒன்றரை மீட்டர் உயரத் தொட்டிக்குள் கிட்டத்தட்ட 60 மீட்டர்! ரீசெட் அழுத்தினால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். ஒயர் விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் ரீடிங்கே வராமல் நின்றுவிடும். இந்த மாதிரி பிரம்மாண்ட எண்கள் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சென்சார் அனுப்பும் பைட்டுகளின் (0 முதல் 255 வரையிலான எண்கள்) வரிசையை.

இந்த சென்சார் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒவ்வொரு அளவையும் நான்கு பைட்டாக அனுப்புகிறது; இந்த நான்கும் சேர்ந்தது ஒரு ஃபிரேம். முதல் பைட் எப்போதும் 255. அடுத்த இரண்டும் தூரம். கடைசியில் செக்சம் என்ற சரிபார்ப்பு எண், அதாவது முதல் மூன்றையும் கூட்டி 256ஆல் வகுத்தால் வரும் மீதி. 1000 மி.மீ. என்றால் 255, 3, 232, 234 என்று வரும்; 3 × 256 + 232 = 1000. இதில் ஒரு பைட் தள்ளிப் படித்தால் 3, 232, 234, 255 என்றாகிவிடும். இப்போது 232 × 256 + 234, அதாவது 59626. அந்த மர்ம எண் இங்கிருந்துதான் வருகிறது.

சரி, வரிசை ஏன் நகர்கிறது? இணையத்தில் சுற்றும் பல புரோகிராம்களில் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின்) கடைசியில் ஒரு டிலே, அதாவது சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை, இருக்கும். 2 விநாடி டிலே என்று வையுங்கள். சென்சார் சுமார் 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை அனுப்புவதால், அதற்குள் 80 பைட் வந்துவிடும். வந்த பைட்டுகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடமான யூனோவின் சீரியல் பஃபர் 64 பைட். அதிலும் ஒரு இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும் என்பதால் கொள்வது 63தான். பதினைந்து முழு ஃபிரேம், பதினாறாவதில் மூன்று பைட். அதோடு கதவு சாத்தப்படும், மிச்சமெல்லாம் தொலைந்துபோகும். அடுத்த முறை நான்கு பைட் எடுத்ததும், அந்த நொடியில் வந்துகொண்டிருக்கும் ஏதோ நான்கு உள்ளே புகுந்து ஒட்டிக்கொள்ளும், வரிசை தப்பிவிடும். இன்னொரு கேடும் உண்டு: லூப்புக்கு ஒரு ஃபிரேம் மட்டும் எடுத்தால், நீங்கள் பார்ப்பது சுமார் அரை நிமிடம் பழைய ரீடிங். மோட்டாரைத் தானாக நிறுத்த நினைப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், பத்து ரீடிங்கின் சராசரி எடு என்பது. தயவுசெய்து வேண்டாம். ஒன்பது சரியான 1000, ஒரு 59626 சேர்ந்தால் சராசரி சுமார் 6863. நோய் அப்படியே இருக்கும், கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாகும்.

முதல் வேலையாக, வரும் பைட்டுகளை அப்படியே சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் திரை) பாருங்கள். அப்புறம் டிலேயை எடுத்துவிட்டு, மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும் கட்டளை) வைத்து நேரம் பார்த்து, பஃபரை விடாமல் காலி செய்துகொண்டே இருங்கள். 255 வரும்வரை ஒவ்வொரு பைட்டாகத் தள்ளி, அதிலிருந்து நான்கு எடுத்து, செக்சம் ஒத்தால் மட்டும் ஏற்க வேண்டும். ஒத்துவராவிட்டால் நான்கையும் வீச வேண்டாம். ஒரே ஒரு பைட் நகர்ந்து மறுபடி தேடினால் போதும்.

செக்சம் ஒத்துவிட்டது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. தூரம் சரியாக 511 மி.மீ. ஆகும்போது ஃபிரேம் 255, 1, 255, 255. அடுத்த ஃபிரேமும் அதேதான் என்றால், முதலாவதன் கடைசி 255இலிருந்து படித்துப் பாருங்கள்: 255, 255, 1, 255. கூட்டினால் இதற்கும் செக்சம் கச்சிதமாகப் பொருந்தும்! தூரமோ 65281. அதனால் எல்லைச் சோதனை கட்டாயம் வேண்டும். சென்சாரின் அதிகபட்சமே 4500 மி.மீ.தான், என் தொட்டிக்கு 1600க்கு மேல் எது வந்தாலும் ஏற்பதில்லை.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். சென்சார் முகம் தண்ணீருக்கு நேராக இருக்க வேண்டும், தண்ணீர் விழும் குழாய்க்குத் தள்ளி இருக்க வேண்டும். முகத்தில் துளி கோத்திருந்தால் துடைக்க வேண்டும். வெயில் வேறு ஒரு பக்கம். 25 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும், 45 டிகிரியில் சுமார் 358. வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மீட்டருக்கு 3 செ.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டும், தண்ணீர் அவ்வளவு கூடுதலாகத் தெரியும். மோட்டாரை நிறுத்த இந்தத் துல்லியம் தாராளம். எத்தனை லிட்டர் செலவானது என்று கணக்கு வைப்பவர்கள் தொட்டிக்குள் ஒரு வெப்பநிலை சென்சாரும் வைத்துவிடுங்கள்.