கார்ஷிங்கில் குவாண்டம் ஒளியியல் ஆய்வு: சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஜெர்மனியின் மியூனிக்கில் யூ6 மெட்ரோ ரயிலேறி வடக்குப் பக்கம் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் கார்ஷிங் ஆராய்ச்சி வளாகம். அங்குள்ள ஒளியும் அணுக்களும் குவாண்டம் அளவில் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில்தான் என் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தேன். எம்.எஸ்சி. முடிக்கும் தம்பி தங்கைகள் "அங்க சேரலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். எந்த மேசையில் வேலை செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

பெயர் பெரியதுதான். 1981-இல் தொடங்கிய நிறுவனம். தியோடோர் ஹென்ஷ் 2005-இலும் ஃபெரென்ஸ் கிரவுஸ் 2023-இலும் நோபல் பெற்றவர்கள். மிகக் குளிர்ந்த அணுக்களைக் கொண்டு செய்யும் பரிசோதனைகளுக்கு இம்மானுவேல் பிளோக், கோட்பாட்டுக்கு இக்னாசியோ சிராக் என்று துறையே அறிந்த ஆட்கள். ஆனால் பரிசோதனைப் பக்கம் போகிறவர்களின் அன்றாடம் வேறு. லேசர்களும் கண்ணாடிகளும் பொருத்திய ஓர் ஆப்டிகல் டேபிள், காற்றை வெளியேற்றிய ஒரு வேக்யூம் சேம்பர், முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்யும் ஒரு போஸ்ட்டாக், இரண்டு மூன்று மாணவர்கள். அடுத்த சில வருடங்களுக்கு அதுதான் உங்கள் உலகம்.

மேசையும் சேம்பரும் சேர்ந்த அந்த மெஷின் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால் சேம்பரைப் பூட்டி, நாள்கணக்கில் சூடேற்றி, உள்ளிருக்கும் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் கீழே இறக்க வேண்டும். ரூபிடியம் என்றால் 780 நானோமீட்டர் லேசர்களின் அலைநீளம் நகராமல் லாக் செய்து அணுக்களைப் பிடித்து, தனிச்சுழிக்கு மிக அருகே நானோகெல்வின் வரை குளிர்வித்து, லாட்டிஸ் எனப்படும் ஒளியால் ஆன கட்டச் சட்டத்தில் ஏற்ற வேண்டும். இதற்கே இரண்டு வருடம் ஓடிவிடும். ஒப்பந்தமோ அடிப்படையில் மூன்று வருடம். அதிகபட்சம் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சேர்ந்தால் கட்டுரை சீக்கிரம் வரும், ஆனால் சேம்பரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பே வராமல் போகலாம். பின்னாளில் சொந்த லேப் வைக்க நினைப்பவருக்கு அது பெரிய குறை. வேக்யூம் மூடியாகிவிட்டது, லாட்டிஸ் இன்னும் வரவில்லை என்ற நடுக்கட்டமே என் பார்வையில் சிறந்தது. நேர்முகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். கிளம்பப்போகும் மாணவரோடு தனியாக அரை மணி நேரம் பேசவும் அனுமதி கேளுங்கள்.

சேர இரண்டு வழிகள் உண்டு. ஐ.எம்.பி.ஆர்.எஸ். என்ற, மாக்ஸ் பிளாங்கின் முனைவர் பட்டப்பள்ளி ஒன்று, குழுத் தலைவருக்கு நேரடியாக எழுதுவது இன்னொன்று. நிறுவனம் தானே பட்டம் தராது. மியூனிக்கின் இரு பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றில் பதிவாக வேண்டும். நான்காண்டு பி.டெக். மட்டும் வழக்கமாகப் போதாது, முதுகலை கேட்பார்கள். லேபில் ஆங்கிலம் போதும். சம்பளமும் வருடத்துக்கு முப்பது நாள் விடுப்பும் உண்டு. அப்புறம், ஒரு பாகம் வேண்டுமென்றால் வரைபடத்தோடு கீழே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பேசலாம். அந்த வசதி எனக்குக் கிடைத்த பெரிய கொடை.

மியூனிக் வாடகைதான் கடினம். அறை கிடைப்பதும் அரிது. வேலைக் கடிதம் வந்த அன்றே தேடத் தொடங்குங்கள்.

போஸ்ட்டாக்காக வருபவர்களுக்கு குழுவின் பணத்தைவிட சொந்த ஃபெல்லோஷிப்பையே சொல்வேன். எதை ஆராய்வது என்பதில் உங்கள் சொல்லுக்கு எடை கூடும். ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை ஃபெல்லோஷிப்புக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நாட்டுவாரி ஒதுக்கீடு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு வருடம் ஒருமுறை, பொதுவாக செப்டம்பரில் கெடு. கடைசி மூன்று வருடங்களில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல், வேலை செய்யப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஆகவே கார்ஷிங்கில் பட்டம் முடித்த கையோடு ஜெர்மனியிலேயே இதை வாங்க முடியாது. இன்ஸ்ப்ருக், பாரிஸ், பார்சிலோனா பக்கம் பாருங்கள். இந்தியாவிலேயே பட்டம் முடிப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. செப்டம்பருக்கு விண்ணப்பிப்பதென்றால் ஏப்ரலிலேயே குழுத் தலைவருக்கு எழுதிவிடுங்கள். பத்துப் பக்கத் திட்டத்தை அவரும் உங்களோடு உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.