குடும்ப வன்முறைத் தடுப்புப் பயிற்சி: முதலில் செவிலியருக்கா, அங்கன்வாடிப் பணியாளருக்கா?

உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மற்றவர்களை அவர்கள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில்தான் கண்டுகொள்ள முடியும். தமிழ்நாட்டில் அதற்குத் தோதான இடங்கள் ஆரம்ப சுகாதார நிலையமும் அங்கன்வாடியும். இப்படிப்பட்ட பெண்களைக் கண்டறிந்து உதவப் பயிற்சி தர, கையில் இருக்கும் பணம் ஒரு தரப்புக்குத்தான் போதும் என்றால், அந்தப் பயிற்சியைச் செவிலியருக்கே கொடுக்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு வீட்டு நிலவரம் அத்துப்படி. சிக்கலும் அங்கேதான். பெரும்பாலும் அதே ஊர்க்காரர், மாமியாருக்குத் தெரிந்தவர், சில இடங்களில் சொந்தமும்கூட. அவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடும் என்று பெண்கள் வாய் திறப்பதில்லை. பயிற்சி முடிந்த சூட்டில் நேரே போய்க் கணவரைத் தட்டிக்கேட்பது இன்னொரு ஆபத்து. அன்றிரவு அடி இரட்டிப்பாகும்.

செவிலியருக்குக் கர்ப்பப் பரிசோதனை கைகொடுக்கிறது. வயிறு பார்க்க உள்ளே அழைக்கும்போது கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. "வீட்ல யாரையாவது பாத்தா பயமா இருக்காம்மா?" என்று தொடங்கலாம். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பே தெரியாமல் போகலாம். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் பழக்க வேண்டும். கழுத்து நெரிப்பு, கர்ப்பத்தில் அடி, கொலை மிரட்டல் இவற்றில் ஒன்று இருந்தாலும், இன்று வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று பேசாமல் அனுப்பக் கூடாது.

சட்டமும் இந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகள்படி, நடந்த வன்முறையைப் பதிவுசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்று மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது. மருத்துவமனைப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான படிவம் 1ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000இல் தொடங்கிய திலாசா என்ற பெண்களுக்கான ஆலோசனை மையம், அரசு மருத்துவமனை ஊழியர்களைக் கொண்டே இந்த உதவியைத் தர முடியும் என்று காட்டியது.

செவிலியரிடமும் குறை உண்டு. புறநோயாளிக் கூட்டத்தில் தனியாகப் பேச நேரம் கிடைப்பது அரிது. பயிற்சி பெற்றவர் இடமாறிப் போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்ற பழக்கமும் ஒருநாள் விரிவுரையில் மாறாது. பிரிட்டனின் ஐரிஸ் திட்டம் மருத்துவக் குழுவுக்கு இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டை நடத்தி, கையோடு ஓர் ஆலோசகரையும் அறிமுகப்படுத்துகிறது. இந்த அமைப்பே நமக்கும் சரிவரும்: இருபது பேருக்குமேல் வேண்டாம், மூவர் மூவராகப் பிரித்து ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல, ஒருவர் கவனிக்க, நடித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2017 முதல் அழகுக்கலைஞர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி வைத்திருக்கிறது. அறிகுறியைப் பார்த்து உதவி எண்ணைக் கொடுக்க அது போதும், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அங்கன்வாடிக்கும் அந்த அளவுதான் இலக்கு. அரைநாளில் மூன்று விஷயம்: அறிகுறி, மகளிர் உதவி எண் 181, யாரிடமும் சொல்லாமை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்ற, அதே 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவையும் சொல்லிவிட வேண்டும். துண்டுப்பிரசுரம் மட்டும் வேண்டவே வேண்டாம், கணவர் கையில் சிக்கும்.

தேதி குறிக்கும் முன் பாதுகாப்பு அலுவலரின் எண்ணுக்கும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் போன் போட்டுப் பாருங்கள். எடுக்க ஆள் இல்லையென்றால் பயிற்சியைத் தள்ளிவைத்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.