ஆங்கிலத் தேர்வு: மனப்பாடமா, முழு வினாத்தாளா, ஒற்றைக் கேள்வியா?

பத்தாம் வகுப்பை ஒட்டிய வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில், ஆங்கிலத் தேர்வு நெருங்கினால் மூன்று கட்சிகள் கிளம்பும். மாதிரிக் கட்டுரைகளை உருப்போடு என்பது ஒன்று. பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து முழுதாக எழுது என்பது இன்னொன்று. ஒரே ஒரு கேள்வியை எழுதி, திருத்தி, மறுபடி எழுது என்பது மூன்றாவது. கையில் எட்டு வாரம் இருந்தால், முதல் ஐந்து வாரத்துக்கு மூன்றாவதுதான் சரி.

மனப்பாடத்துக்கு இடமே இல்லை என்பதல்ல. கடிதத்தின் அமைப்பு, பாடநூல் கதையிலிருந்தோ கவிதையிலிருந்தோ ஐந்தாறு சொல்லுக்கு மிகாத சின்ன மேற்கோள்கள் ஆகியவற்றை உருப்போடலாம். கட்டுரையை உருப்போட்டால்தான் வம்பு. ‘ஒரு பயணம்’ என்று படித்து வைத்தவரிடம் ‘போகாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்த பயணம்’ என்று கேட்டால், படித்ததைத்தான் கொட்டுவார். முதல் பத்தி சரளமாக ஓடி, சொந்தமாக எழுத வேண்டிய இடத்தில் நடை சரிவது திருத்துபவர் கண்ணுக்குத் தப்பாது. மேற்கோளைக்கூடத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்து எழுதிப் பார்ப்பது மேல். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மீண்டும் வாசித்தவர்களே ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தியிருந்தார்கள்.

முழு வினாத்தாள் கற்றுத் தருவது நேரக் கணக்கை. 90 நிமிடம், 60 மதிப்பெண் என்றால், வாசிக்க 15 நிமிடம் போக மீதி 75. மதிப்பெண்ணுக்கு ஒன்றேகால் நிமிடம், 8 மதிப்பெண் கேள்விக்குப் பத்து நிமிடம். இதைத் தாளின் ஓரத்தில் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த முறையின் ஓட்டை திருத்தத்தில் இருக்கிறது. எழுத ஒன்றரை மணி, திருத்த இன்னொரு மணி என்றால், வீட்டில் யாரும் திருத்துவதில்லை; மொத்த மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள். பத்துத் தாள் எழுதியும் அதே தவறு பத்து முறை வருவது இதனால்தான். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய தாளின் அமைப்பும் உதவாது.

ஒற்றைக் கேள்விக்கு வருவோம். கேள்வி, அதற்கான மதிப்பெண் வழிகாட்டி, பத்து நிமிடம், பேனா. தட்டச்சு வேண்டாம், எழுத்துப்பிழைத் திருத்தி கைகொடுத்துவிடும். வினாத்தாளில் கொடுத்த பத்தியில் ஒருவன் இரவில் வீடு திரும்புகிறான், சாவி இரண்டு முறை கையிலிருந்து நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அவன் அச்சத்தை எழுத்தாளர் எப்படிக் காட்டுகிறார்?’ என்பது கேள்வி. முதல் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘அவன் பயந்தான், சாவி விழுந்தது.’ இது கதைச் சுருக்கம். ‘எப்படி’ என்பதற்குப் பதிலே இல்லை. திருத்திய விடை சொல்லைப் பிடிக்க வேண்டும்: ‘ஒரு முறை விழுந்தால் தற்செயல், இரண்டு முறை என்பதால் கை அவன் வசம் இல்லை என்று தெரிகிறது.’ மறுநாள் பழைய விடையைப் பார்க்காமல் அந்த ஒரு விடையை மட்டும் மறுபடி எழுத வேண்டும்.

ஒரு விடையில் இரண்டு தவறுகளுக்கு மேல் சிவப்பு மை வேண்டாம். தமிழ் பேசும் வீடுகளில் பிடிக்க வேண்டியவை அநேகமாகத் தெரிந்தவைதான்: ‘தி’, ‘எ’ விட்டுப்போவது, ‘டிஸ்கஸ்’ஸோடு ‘அபவுட்’ ஒட்டிக்கொள்வது, இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தில் முடிவது. எழுதியது, திருத்தியது, ஏன் என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில் இவை ஏற வேண்டும். வாக்கியத்தைப் பெற்றோரே எழுதிக் கொடுத்தால் நோட்டு அழகாக இருக்கும், அவ்வளவே.

இந்த முறைக்கும் குறை உண்டு: பிள்ளைக்கு முழுத் தாளை முடித்துப் பழக்கம் வராது. ஆகவே ஆறாவது வாரம் பாதித் தாள். கடைசி இரண்டு வாரத்தில் மூன்று முழுத் தாள், இடையில் திருத்த இரண்டு நாள்.

ஆங்கிலம் வராத பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. விடையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன சொல் பிள்ளையின் காதிலேயே இடறும். பிறகு ஒரே கேள்வி: ‘இதுக்கு ஆதாரம் எந்த வரி, காட்டு?’