50 கிலோ மூடையும் கல்லடி சி வகுப்பும்

சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்கு, தராசின் எடையைப் படித்து பில் அடிக்கும் நிரலை சி என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே 50 கிலோ நெல் மூடைக்கு 6246.5 கிலோ காட்டியது. "என்ன தம்பி இது?" என்று கேட்டதோடு ஆலைக்காரக் காக்கா நிறுத்திக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. தராசு ஒரு எடையை இரண்டு பைட்டாக, அதாவது இரண்டு 8 பிட் துண்டாக, அனுப்பும். அந்த இரண்டு பைட்டையும் இடம் மாற்றிப் போட்டேன், 50 வந்தது. ஏன் வந்தது என்று விளங்கவில்லை. அதற்காகவே கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட நடக்கும் இந்த சி வகுப்பில் சேர்ந்தேன். நாலு சனிக்கிழமை, 6,000 ரூபாய்.

மூன்றாவது சனி ஒன்றே அந்தக் காசுக்குத் தகும். தராசு அனுப்பும் பைட்டுகளை வகுப்பு எடுக்கும் சேர் பலகையில் எழுதினார்: 1, 244. பெரிய பைட் முதலில் வருகிறது. 1×256+244 = 500; கிலோவில் பத்தில் ஒன்றுதான் தராசின் அலகு, அதாவது 50.0 கிலோ. நான் அவற்றை அப்படியே 16 பிட் மாறிக்குள் நகலெடுத்திருந்தேன். என் லப்டொப் லிட்டில் எண்டியன், அதாவது சிறிய பைட்டை முதலில் வைக்கும் வகை, ஆகவே அது 244×256+1 = 62465 என்று படித்தது. சரி, அதுதான் இடம் மாற்றியாயிற்றே என்றேன். அவர் என் நிரலை, வேறு மெஷின்களைப் போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில், பெரிய பைட்டை முதலில் வைக்கும் (பிக் எண்டியன்) மிப்ஸ் வகை மெஷினில் ஓடுவதுபோல ஓட்டினார். மறுபடி 6246.5!

"உங்கட மெஷின் எந்த வரிசை என்று பார்க்க வேண்டாம். வாற பைட்டு எந்த வரிசை என்று மட்டும் பாருங்க." முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் தள்ளி (256ஆல் பெருக்குவதும் இதுவும் ஒன்றுதான்), இரண்டாவதை அதோடு சேர்த்தோம். லப்டொப்பிலும் 500, மிப்ஸிலும் 500. நிரலுக்குள் மெஷினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாலு பைட் எண்ணில் ஒரு குழி இருக்கிறது. முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் என்றால், 24 பிட் தள்ளும்போது சாதாரண 32 பிட் இன்ட் (சி-யின் குறியுள்ள முழு எண் வகை) கொள்ளாது, விளைவுக்கு சி உத்தரவாதம் தராது. தள்ளுவதற்கு முன்பே குறியில்லாத 32 பிட் வகைக்கு மாற்ற வேண்டும். இதை அவர் எங்களைக் கொண்டே மூன்று தடவை எழுதுவித்தார்.

குறை என்றால், தசம எண்களை அனுப்பும் கருவிகளுக்கு அரை மணித்தியாலம்தான் ஒதுக்கினார். மொட்பஸ் (ஆலைக் கருவிகள் தரவு அனுப்பும் ஒரு முறை) மீட்டர்களில் 32 பிட் எண்ணின் இரு பாதிகளில் எது முதலில் வரும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். எங்களைப் போல ஆலை வேலை செய்பவர்களுக்கு அதற்கே ஒரு சனி வேண்டும்.

போகிறவர்கள் லப்டொப்பில் ஜிசிசி (சி நிரலை ஓடக்கூடியதாக மாற்றும் கம்பைலர்) போட்டுக்கொண்டு போங்கள். உங்களிடம் பிழை விட்ட நிரல் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், அவர் அதிலிருந்தே தொடங்குவார்.